குழியில் விழுந்த பந்தும் தலைவிதிப் புரட்டும்

நீலகிரி ஜில்லா கிளென்மார்கன் பக்கமிருந்து ஒரு தோழர் நமக்கு ஒரு கேள்வி எழுதியிருக்கின்றார். 2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் அகஸ்டா என்னும் ஊரில் நடந்த மாஸ்டர்ஸ் கோல்ப் பந்தயத்தின் கடைசிக் கட்டத்தை, அங்குள்ள தேயிலைத் தோட்டத்து வாலிபர்கள் சிலர் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து மகிழ்கின்றார்களாம். ஜெயித்தவர் மண்டியிட்டு அழுததைக் கண்டு இவர்களுக்கும் கண் கலங்கிவிடுகின்றதாம். இதைப் பார்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அவன் தலையில் எழுதியிருந்தது, கிடைத்தது. நம் தலையில் கொழுந்து மூட்டை என்று எழுதியிருக்கின்றது, சுமக்கின்றோம்" என்றாராம். மற்றொருவர், "பணக்காரன் பந்தடித்தால் கொழுந்து கிள்ளுகின்றவனுக்கு என்னடா சந்தோஷம்?" என்று வாலிபர்களைக் கோபித்துக் கொண்டாராம். இவ்விருவரில் யார் சொல்வது சரி என்பதே தோழரின் கேள்வி.

நமது அபிப்பிராயத்தில் இரண்டும் சரியல்ல. ஆனாலும் இரண்டாவது பேசியவரோடு நமக்குப் பெரிய சண்டை ஒன்றுமில்லை. அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கின்றது, அதைப் பின்னால் பார்ப்போம். முதலாவது பேசியவர் பேச்சுத்தான் ஆபத்தானது. ஏனென்றால், அது பார்வைக்கு அடக்கமான பேச்சாக இருக்கின்றது. ஆனால் பந்தைக் குழியில் தள்ளிய அதே விதியைக் கொண்டு தன் முதுகில் மூட்டையையும் தானே ஏற்றிக் கட்டிக் கொள்ளுகின்றது.

முதலில் நடந்த சங்கதியைப் பார்ப்போம். கோல்ப் ஆட்டம் என்பது 18 குழிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பந்தைக் கோலால் அடித்துப் போடுவது. குறைந்த அடியில் போட்டு முடித்தவர் ஜெயித்தவர். இவ்வளவுதான் அதன் சூட்சுமம். வட அயர்லாந்தைச் சேர்ந்த ரோரி மெக்கல்ராய் என்பவர் கடைசி நாள் ஆட்டத்தை 2 ஷாட் முன்னிலையோடு தொடங்கினார். முதல் குழியிலேயே அந்த இரண்டையும் தொலைத்தார். பிறகு தேறி, 10-ஆவது குழி முடிந்தபோது 4 ஷாட் முன்னால் போனார். 13-ஆவது குழியில் ஒரு சின்னத் தூரத்து ஷாட்டை ஓடையில் போட்டு மறுபடியும் இழந்தார். அதற்குள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜஸ்டின் ரோஸ் அன்றைய ஆட்டத்தை 66 ஷாட்டில் முடித்துவிட்டுக் காத்திருந்தார். 18-ஆவது குழியில் ஏறக்குறைய 5 அடி தூரத்தில் கிடந்த பந்தைத் தள்ளியிருந்தால் மெக்கல்ராய்க்கு அப்போதே வெற்றி. தள்ளினார், தவறிவிட்டது. இருவரும் சமம். மறுபடியும் அதே 18-ஆவது குழியில் இருவரையும் ஆடவிட்டார்கள். இந்தத் தடவை மெக்கல்ராய் பந்தைக் குழிக்கு வெகு அருகில் கொண்டுவந்து போட்டு, உள்ளே தள்ளினார். கோலை வீசிவிட்டு மண்டியிட்டுத் தரையில் முகம் கவிழ்ந்து அழுதார். சுற்றி நின்ற ஆயிரக்கணக்கான ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். 2014-க்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் பெரிய பட்டம் ஒன்றும் கிடைக்காதிருந்தவர், நான்கு பெரிய பந்தயங்களையும் ஜெயித்த ஆறாவது மனிதர் ஆனார்.

இதைக் கண்டவர்கள் அழுததிலும் கூவியதிலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் அடுத்தாற்போல் சொன்னதில்தான் ஆட்சேபணை. "விதி முடிவு செய்துவிட்டது", "கடவுள் கண் திறந்தார்", "எழுதி வைத்தது போல் நடந்தது" என்று உலகமெங்கும் பேசினார்கள். படித்தவர்கள் என்று சொல்லிக் கொள்ளுகின்றவர்களும் பேசினார்கள். சரி, அப்படியே வைத்துக் கொள்ளுவோம். இதே அகஸ்டாவில் 2011-இல் இதே மனிதர் 4 ஷாட் முன்னிலையோடு கடைசி நாள் ஆட வந்து, 80 ஷாட் அடித்துப் பின்தங்கிப் போனாரே, அன்று அந்த எழுத்து எங்கே போயிருந்தது? 2024-இல் பைன்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் பந்தயத்தில் 4 அடிக்கும் குறைவான தூரத்தில் இரண்டு பந்துகளைத் தவறவிட்டு, ஒரே ஒரு ஷாட்டில் ப்ரைசன் டிசாம்போவிடம் தோற்றாரே, அன்று கண் திறக்காத கடவுள் 10 மாதம் கழித்துத் திறப்பானேன்? தோற்ற ரோஸுக்காக வேண்டிக் கொண்டவர்கள் இல்லையா? அவர் 2017-இலும் இதே இடத்தில் இதேபோல் சமத்தில் வந்து, செர்ஜியோ கார்சியாவிடம் தோற்றவர். இரண்டு தடவை தோற்கடிக்கும்படி அவர் கடவுளுக்குச் செய்த குற்றம்தான் என்ன?

சோதிடப் பிழைப்புக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்கவேண்டியிருக்கின்றது. அங்கே அது ஞாயிற்றுக்கிழமை. நமது பஞ்சாங்கப்படி ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். அந்த நேரம் பூராவும் ஜெயித்தவரும் தோற்றவரும் ஒரே மைதானத்தில், ஒரே வானத்தின் கீழ் ஆடிக் கொண்டிருந்தார்கள். ராகு ஒருவரை விட்டுவிட்டு மற்றவரைப் பிடித்ததன் காரணம் என்ன? ஆட்டம் முடிந்த நேரம் நமது நாட்டில் ஏப்ரல் 14-ஆந் தேதி பொழுது விடிவதற்கு முன். பஞ்சாங்கக்காரர்கள் 'விசுவாவசு' என்று ஒரு வருஷத்தைப் பிறக்க வைத்து, பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லிக் காசு பார்த்த நாள் அது. அந்தப் பலன்களில் எதிலாவது இந்த 5 அடிப் பந்து தவறும் என்று எழுதியிருந்ததா? நமக்கோ அது டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள். பிறந்தபோதே எழுதிவிட்டது என்று சொல்லப்பட்டதையெல்லாம் ஒரு மனிதன் படித்தும் போராடியும் எப்படி அழித்தெழுதலாம் என்பதற்கு, எந்த ராசிபலனை விடவும் அந்த ஒரு பிறந்த நாள் போதுமான சாட்சி.

பின் பந்து குழியில் விழுந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்கலாம். கிளென்மார்கன் தோழர்களுக்கு இதை நாம் தூரதேசத்து உதாரணம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. அவர்கள் ஊரிலேயே இருக்கின்றது. பைக்காரா தண்ணீரைக் கிளென்மார்கனில் தேக்கி, அங்கிருந்து இரும்புக் குழாயில் 3,000 அடிக்குமேல் கீழே இறக்கி, சிங்காராவில் மின்சாரம் எடுக்கும் வேலை 1932 முதல் நடந்து வருகின்றது. அந்தத் தண்ணீர் யாருடைய பூஜைக்காகவும் கீழே விழவில்லை. பூஜை நின்றுபோனால் மேலே ஏறப் போவதுமில்லை. மேடு, பள்ளம், கனம், வேகம் ஆகியவைகளைக் கணக்கிட்டு மனிதன் குழாய் போட்டான், அந்தக் கணக்கின்படி அது விழுகின்றது. புல்தரையில் உருளும் பந்தும் அப்படியே. தரை எந்தப் பக்கம் சரிகின்றது, புல் எவ்வளவு ஒட்ட வெட்டப்பட்டிருக்கின்றது, அடிக்கின்ற கை எவ்வளவு நடுங்குகின்றது என்பவைகளே பந்தின் விதி. இவைகளில் சிலவற்றை மனிதன் முன்கூட்டிக் கணக்கிட முடியும், சிலவற்றை முடியாது. கணக்கிட முடியாததற்கு நாம் 'தற்செயல்' என்று பெயர் வைக்கலாம். 'கடவுள் செயல்' என்று பெயர் வைப்பது, தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டுக் கொண்டு சொல்லும் பொய்யேயாகும்.

அல்லாமலும், அந்தக் கையைப் பழக்கியது யார்? மெக்கல்ராயின் தகப்பனார் காலையில் ஒரு விளையாட்டுக் கிளப்பில் கழிப்பறை கழுவி, பிறகு மதுக்கடையில் ஊற்றிக் கொடுக்கும் வேலை செய்து, நாளெல்லாம் உழைத்து மகனை ஆட வைத்தவர். தாயார் தொழிற்சாலையில் இராத்திரி வேலை பார்த்தவர். பகலெல்லாம் ஒருவர், இரவெல்லாம் ஒருவர் என்று இரண்டு பேர் உடம்பை உருக்கிச் சம்பாதித்த காசு அந்தக் கோலில் இருக்கின்றது. விதி என்று சொல்லுகின்றவர்கள் இந்த இரண்டு தொழிலாளிகளின் கூலியைக் களவாடிக் கடவுள் கணக்கில் வரவு வைக்கின்றார்கள் என்றே நாம் சொல்லுவோம். 5 அடிப் பந்தைத் தவறவிட்டு மனம் உடைந்து வந்தபோது அவருக்குத் தைரியம் சொன்னதும் வானத்திலிருந்து வந்த குரல் அல்ல. சிறுவயது முதல் நண்பராயிருந்து இன்று அவருடைய பையைச் சுமக்கின்ற ஹாரி டயமண்ட் என்பவர், வாரத் தொடக்கத்தில் இந்த நிலைமை கிடைக்கும் என்றால் சந்தோஷமாக ஒப்புக் கொண்டிருப்போமே என்று சொன்னாராம். ஒரு மனிதன் மற்றொரு மனிதனுக்குச் சொன்ன புத்தி அது. பந்து அதன் பிறகுதான் விழுந்தது.

நிற்க, இப்போது பை சுமக்கின்ற சங்கதிக்கு வருவோம். பெரியவர் தம் தலையெழுத்து என்று சொன்னது சுமையைத்தானே?

கோல்ப் ஆட்டத்தில் கோல்கள் அடங்கிய பையைச் சுமந்துகொண்டு ஆடுகின்றவர் பின்னால் போகின்றவரைக் கேடி என்று ஆங்கிலத்தில் அழைக்கின்றார்கள். அகஸ்டா கிளப்பில் மாஸ்டர்ஸ் பந்தயம் 1934-இல் தொடங்கியது. 1982 வரையில் அங்கே ஆட வருகின்ற எவரும் அந்தக் கிளப்பின் ஆட்களையே பை சுமக்க வைத்துக் கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த ஆட்களோ கறுப்பர்கள். தரையின் சரிவு எந்தப் பக்கம் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அவர்கள் சொல்லுகின்ற பக்கம் பார்த்துத்தான் வெள்ளைக்காரர்கள் பந்தைத் தள்ளிப் பட்டம் வாங்கினார்கள். ஆனால் அவர்கள் இனத்தார் ஒருவர் கோலைக் கையில் பிடித்துக் கொண்டு அந்தப் பந்தயத்தில் இறங்க 41 வருஷம் ஆயிற்று. 1975-இல் லீ எல்டர் என்பவர் இறங்கினார். 1983-இல் அவரவர் தங்கள் ஆளையே கொண்டுவரலாம் என்று விதி மாறியது. அப்போதும் என்ன நடந்தது? உரிமை ஆடுகின்றவர்களுக்கு வந்தது, வேலை சுமந்தவர்களுக்குப் போயிற்று. 1990-இல்தான் கிளப்பில் முதல் கறுப்பர் உறுப்பினரானார். 1997-இல் கறுப்பர் வம்சத்தில் வந்த டைகர் உட்ஸ் 12 ஷாட் வித்தியாசத்தில் அதே பந்தயத்தை ஜெயித்தார். பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக் கொள்ள 2012 வரை ஆயிற்று. அமெரிக்கத் தொழில்முறை கோல்ப் ஆட்டக்காரர் சங்கமோ, வெள்ளையர் மாத்திரமே உறுப்பினராகலாம் என்று தனது சட்டத்தில் பச்சையாகவே எழுதி வைத்திருந்து, 1961-இல் எடுத்தது.

தோழர்களே, இந்த வருஷக் கணக்குகளை நாம் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. பிரமன் எழுதிய எழுத்து என்றால் அதற்குத் திருத்த மசோதா உண்டா? தலைவிதி 1961-இல் ஒரு தடவை, 1975-இல் ஒரு தடவை, 1990-இல் ஒரு தடவை, 2012-இல் ஒரு தடவை என்று தவணை முறையில் மாறுமா? மாறியது என்றால் எழுதியவன் மனிதன். தேதி போட்டு மாற்றக் கூடியது எதுவோ அது விதி அல்ல, ஏற்பாடு. யாரோ தங்கள் சௌகரியத்துக்காகச் செய்து வைத்துக் கொண்ட ஏற்பாடு.

நமது மக்களுக்கு நேர்ந்ததையே பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பிரதேசத்திற்கு 1860 முதல் தமிழ்நாட்டிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாக நமது ஜனங்கள் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த இந்தியர்களிடையே பிறந்தவர் பப்வா சிவ்சங்கர் சேவ்கோலும். எழுதப் படிக்கத் தெரியாதவர், டர்பனில் பை சுமந்தவர். கோலைப் பிடிக்கும்போது எல்லோரும் வைக்கின்ற மாதிரி கைகளை வைக்காமல் மேல்கீழாக மாற்றி வைத்துப் பிடிப்பார். சொல்லிக் கொடுக்க யார் இருந்தார்கள்? அவர் 1959-இல் ஐரோப்பாவுக்குப் போய் டச்சு ஓப்பன் பந்தயத்தை ஜெயித்தார், அடுத்த வருஷமும் ஜெயித்தார். 1963-இல் தமது சொந்த ஊரான டர்பனிலேயே நேட்டால் ஓப்பன் பந்தயத்தை வெள்ளைக்காரர்களோடு ஆடி ஜெயித்தார். கோப்பை கொடுக்கும் நேரத்தில் மழை வந்துவிட்டது. வெள்ளையர் கிளப்புக் கட்டிடத்திற்குள் இருந்தார்கள். இந்தியர் உள்ளே நுழையக் கூடாதாகையால், ஜெயித்த மனிதர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக் கொண்டார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வெளியாகித் தென்னாப்பிரிக்க நிறவெறிக்குத் தலைகுனிவைத் தேடித் தந்தது. அந்த அரசாங்கம் வெட்கப்பட்டதா என்றால் இல்லை. சில வருஷங்களில் அவரைப் பந்தயங்களில் ஆடவே விடாமல் செய்துவிட்டது. 1978-இல் அவர் இறந்தார்.

பந்துக்கு ஜாதி தெரியவில்லை, குழிக்கு நிறம் தெரியவில்லை, கதவுக்குத் தெரிந்திருக்கின்றது! மழை இயற்கை. அதில் ஒருவரை நிறுத்தி வைத்தது இயற்கை அல்ல. இதையும் அவர் தலையெழுத்து என்று சொல்ல நமது பெரியவருக்கு மனம் வருமா என்று கேட்கின்றோம். வராது என்றால், கொழுந்து மூட்டையை மாத்திரம் தலையெழுத்து என்பானேன்? தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்துவந்த காலம் ஒன்று இருந்தது. 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து, வீடும் வைத்தியமும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை என்று எழுதியது. சட்டம் எழுதியபடி எல்லாம் நடந்ததா என்பது வேறு சண்டை. ஆனால் எழுத்து மாறியது உண்மை, மாற்றியது தொழிலாளர் கிளர்ச்சி. எந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவில் பூசாரியும் அதை மாற்றிக் கொடுக்கவில்லை.

இனி, "பணக்காரன் பந்தடித்தால் நமக்கென்ன?" என்ற தோழருக்குப் பதில். அவர் கோபம் வந்த வழி நமக்குத் தெரியும். இந்த ஆட்டம் 1829-இல் கல்கத்தாவில் கிளப்பு வைத்து இந்த நாட்டிற்குள் புகுந்தது. வெள்ளைக்காரன் போன இடமெல்லாம் கூடப் போயிற்று. நீலகிரியில் தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிக்கு ஒரு கவர்னர் பெயரை வைத்து வென்லாக் டவுன்ஸ் என்றார்கள். ஊட்டி ஜிம்கானா கிளப்பின் 18 குழிகள் அங்கேதான் இருக்கின்றன. வெள்ளைக்காரன் போய்விட்டான், ஆனால் வாசல் காவல் போகவில்லை. 2014-இல் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பு, வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விட மறுத்தது. அதே வருஷம் தமிழ்நாடு சட்டசபை சட்டம் செய்து அந்தத் தடையை ஒழித்தது. 2017-இல் டெல்லியில் ஒரு கோல்ப் கிளப்பு, விருந்துக்கு வந்திருந்த காசி இனப் பெண்மணி ஒருவரை, அவருடைய சொந்த மக்களின் உடை வேலைக்காரி உடைபோல் இருக்கின்றது என்று எழுந்து போகச் சொன்னது. வேலைக்காரி என்றால் எழுந்து போகத்தான் வேண்டுமா என்பதை அந்தக் கிளப்பார் யோசிக்கவே இல்லை!

ஆனாலும் அந்தத் தோழருக்கு நாம் சொல்வது என்னவென்றால், கோபத்தை ஆட்டத்தின் மேல் காட்டாதீர்கள், வாசற்கதவின் மேல் காட்டுங்கள் என்பதே. திறமை என்பது எந்தக் கிளப்பின் சொத்தும் அல்ல. டெல்லியில் பை சுமந்துகொண்டிருந்த அலி ஷேர் என்பவர் 1991-இல் இந்திய ஓப்பன் பட்டத்தை ஜெயித்தார், 1993-இல் இன்னொரு தடவை ஜெயித்தார். இதிலிருந்து தெரிவதென்ன? சுமந்த தோளுக்கு அடிக்கவும் தெரியும், கோல் கைக்கு வரவேண்டியதுதான் பாக்கி. 2021 ஆகஸ்டு 7-ஆந் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், உலக வரிசையில் 200-ஆவது இடத்தில் இருந்தவர், ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலப் பதக்கத்தை விட்டு நாலாவதாக வந்தார். அன்று விடியற்காலையில் கோல்ப் என்றால் என்னவென்றே தெரியாத லட்சக்கணக்கான ஜனங்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் பையைச் சுமந்தவர் அவரைப் பெற்ற தாயார். சுமப்பதில் இழிவில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மகளுக்காகத் தாய் விரும்பிச் சுமப்பது அன்பு. சுமப்பதற்கென்றே பிறந்தவன் என்று ஒருவனை ஒதுக்கி வைப்பது வருணாசிரமம். அது மனுவின் பெயரால் வந்தாலும் சரி, கிளப்பு விதியின் பெயரால் வந்தாலும் சரி.

ஆகவே கிளென்மார்கன் வாலிபர்களுக்கு நாம் சொல்லிக் கொள்வதாவது: தாராளமாகப் பாருங்கள், கண் கலங்குங்கள். கழிப்பறை கழுவியவரின் மகன் மண்டியிட்டு அழுததைப் பார்த்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகன் அழுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் "விதி" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜெயித்தவனுக்கு விதி என்று சொன்ன வாய், சுமக்கின்றவனுக்கும் அதையேதான் சொல்லும், சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதற்குப் பதிலாக, பை சுமக்கின்றவர்கள் பல கிளப்புகளில் தொழிலாளி என்ற கணக்கிலேயே வராமல், ஆடுகின்றவர் கொடுக்கின்ற அன்றாடக் காசில் பிழைப்பானேன் என்று கேளுங்கள். புல் வெட்டுகின்றவரின் பிள்ளை அந்தப் புல்லில் ஒரு நாளாவது கோல் பிடித்து ஆடியது உண்டா என்று கேளுங்கள். அந்தப் பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு கேளுங்கள். அவர் முதுகிலிருப்பது எழுத்து அல்ல, மூட்டை. எழுத்தை இறக்க முடியாது என்று சொல்லித்தான் இத்தனை காலம் ஏமாற்றினார்கள். மூட்டையை இறக்கலாம்.